மேசைக்கணினியை நாமே பூட்டுவதும், படிப்படியாக மேம்படுத்துவதும்

என் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில், அதை முதன்முதலில் பூட்டிய நாளிலிருந்து இன்றுவரை மாறாதவை இரண்டு மட்டுமே. ஒன்று கேபினட், மற்றொன்று அதன் பின்பக்கத்தில் சுழலும் மின்விசிறி. பிராசசர் இரண்டு முறையும் ரேம் இரண்டு முறையும் கிராபிக்ஸ் கார்டு மூன்று முறையும் மாறிவிட்டன. ஆனாலும் வீட்டில் இதை "அதே கணினி" என்றுதான் சொல்கிறோம். புதிதாகக் கணினி அசெம்பிள் செய்ய வருகிறவர்கள் இப்படி ஒரு எதிர்காலம் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பில் பாகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் பணமெல்லாம் பெயர் பெரிதாகத் தெரியும் பாகங்களுக்குப் போய்விட, மற்றவை எதன்மேல் நிற்கின்றனவோ அந்த மதர்போர்டிலும் பவர் சப்ளையிலும் கை சுருங்கிவிடுகிறது.

எளிதில் கழற்றி மாற்றக்கூடியதை இன்றைய தேவைக்கு அளவாக வாங்க வேண்டும். மாற்றுவது கடினமானதை நன்றாக வாங்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகிறது. சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு: 'செயலி' என்றால் இப்போது கைப்பேசி ஆப் என்றே பலரும் பொருள் கொள்வதால், நான் பிராசசர் என்றே எழுதுகிறேன், மற்ற பாகங்களுக்கும் கடையில் கேட்டால் எடுத்துத் தரும் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

முதலில் திரையைப் பாருங்கள், பிராசசரை அல்ல. உங்களிடம் இருப்பது 1080 பி தெளிவில் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படங்கள்) வேகத்தில் ஓடும் மானிட்டர் என்றால், விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வரையும் கூடுதல் படங்களைக் காட்ட அந்தத் திரைக்கே இயலாது. எழுத்துவேலை, இணையம், கணக்குப் பதிவு, திரைப்படம் ஆகியவை மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டியதில்லை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். ஆனால் எல்லாப் பிராசசரிலும் அது இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இன்டெல் பிராசசர்களில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் எண்ணை அடுத்து 'ஜி' வருபவற்றில் மட்டுமே அது உண்டு. 7000 வரிசை முதல் 'எஃப்' என்று முடியாத மேசைக்கணினிப் பிராசசர்களில் சிறியதாகவாவது ஒன்று இருக்கிறது. நான் எப்போதும் உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ளதையே பரிந்துரைப்பேன். பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு பழுதானாலோ, அதை விற்றுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தாலோ, திரை இருண்டு கிடக்காது.

அடுத்தது சாக்கெட். பிராசசர் உட்காரும் இந்த இடம்தான் உங்கள் கணினியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதற்கு இரண்டு நேரெதிரான வரலாறுகள் உண்டு. 2017இல் முதல் தலைமுறை ரைசனுடன் ஏஎம்4 சாக்கெட் கொண்ட மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், ஐந்து ஆண்டு கழித்து வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை, போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு அதே போர்டில் பொருத்த முடிந்தது. அதே 2017இல் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை வாங்கியவர்களுக்கு அந்த ஆண்டிலேயே வந்த எட்டாம் தலைமுறை பயன்படவில்லை. சாக்கெட்டின் பெயர் இரண்டுக்கும் 1151தான், ஆனால் பழைய போர்டு புதிய பிராசசரை ஏற்காது. 2021இல் வந்த எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளைத் தாங்கியது. 2024இல் அதன் இடத்துக்கு எல்ஜிஏ 1851 வந்துவிட்டது. ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. 2027 வரையிலும் அதற்கப்பாலும் அதற்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி 2024இல் அறிவித்தது. ஆக, ஒரே வேகமுள்ள இரண்டு பிராசசர்கள் முன்னால் இருந்தால், எந்த சாக்கெட்டுக்கு இன்னும் பாதை மீதமிருக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சாக்கெட் ஒத்துப்போவது மட்டும் போதாது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கான பிராசசர் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் பிராசசரின் பெயரும் அதற்குத் தேவையான பயாஸ் பதிப்பும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பவர் சப்ளை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பளபளக்கும் கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டு மீந்த பணத்தில் பெயர் தெரியாத பவர் சப்ளையை வாங்குவது குருவி தலையில் பனங்காயை வைப்பது போன்றது. கணக்கு எளிது. 65 வாட் என்று எழுதியிருக்கும் ஏஎம்டி பிராசசருக்கு உச்சத்தில் 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இன்டெல் ஐ9 14900கே போன்றவை 253 வாட் வரை போகும். நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டுக்கு 200 வாட் என்றும், மதர்போர்டு, ரேம், டிஸ்க், மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் 60 வாட் என்றும் வைத்தால், முதலில் சொன்ன பிராசசருடன் கூட்டுத்தொகை ஏறக்குறைய 350 வாட். கிராபிக்ஸ் கார்டுகள் நொடியின் மிகச் சிறு பகுதியில் தம் அளவைத் தாண்டி இழுக்கும் பழக்கம் உடையவை. நாளை வரப்போகும் கார்டு இன்னும் பெரிதாகவும் இருக்கலாம். எனவே 650 வாட் என்பது இங்கே ஆடம்பரம் அல்ல. '80 பிளஸ் கோல்டு' போன்ற முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. தரத்துக்கு முழுச் சான்று அன்று. உத்தரவாத ஆண்டுகளைப் பாருங்கள். நிறுவனமே ஏழு அல்லது பத்து ஆண்டு பொறுப்பேற்கும் பவர் சப்ளை, உங்களுடைய இரண்டு மூன்று கிராபிக்ஸ் கார்டுகளைக் கண்டுவிடும்.

கேபினட்டில் முகப்பு வலையாக இருந்து காற்று தாராளமாக நுழைய வேண்டும். முகப்பு முழுவதும் கண்ணாடியாக இருப்பது அழகுதான், ஆனால் உள்ளே இருப்பவை வேகும். போர்டின் அளவும் கேபினட்டுக்குப் பொருந்த வேண்டும்: முழு ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. ஏடிஎக்ஸ் அளவுமுறை 1995இல் வந்தது. இன்னும் அதே திருகுத்துளைகள்தான். அதனால்தான் நல்ல கேபினட் ஒன்று பல கணினிகளுக்கு வீடாக இருக்க முடிகிறது. கார்டின் நீளமும் பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரமும் உள்ளே அடங்குமா என்று அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேமைப் பொறுத்தவரை, அதன் இரு தலைமுறைகளான டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது; போர்டு எதைக் கேட்கிறதோ அதுதான். ஒற்றைத் துண்டாக வாங்காமல் ஒரே பெட்டியில் வரும் இரட்டைத் துண்டுகளாக வாங்கினால் பிராசசருக்கு இரு வழிகளில் தரவு போகும். 16 ஜிபி அன்றாட வேலைக்குப் போதும்; விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் 32 ஜிபி வசதி. "இப்போது இரண்டு, பிறகு இரண்டு" என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தில் சரியாக இருந்தது. டிடிஆர்5இல் நான்கு இடங்களையும் நிரப்பினால் வேகம் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. சேமிப்புக்கு, போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 2280 என்பதே வழக்கமான அளவு.

பூட்டும் நாள்

பெரிய மேசை, நல்ல வெளிச்சம், காந்த முனையுள்ள ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், திருகுகளைப் போட ஒரு கிண்ணம்: கருவிகள் இவ்வளவுதான். கம்பள விரிப்பின்மேல் நின்று வேலை செய்யாதீர்கள். உடலில் சேரும் நிலைமின்சாரம் போவதற்கு, பாகங்களைத் தொடும் முன்பும் இடையிடையேயும் கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். மதர்போர்டின் கையேட்டைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். காணொளிகள் நூறு இருந்தாலும், உங்கள் போர்டின் எந்தப் பின் (இணைப்பு ஊசி) எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கையேடு மட்டுமே சரியாகச் சொல்லும்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின்மேல் வைத்து, பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, கூலர் ஆகிய நான்கையும் கேபினட்டுக்கு வெளியிலேயே பொருத்திவிட வேண்டும். பிராசசரின் ஒரு மூலையில் சிறிய முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதே முக்கோணம் இருக்கும். இரண்டையும் ஒத்துவைத்து, பிராசசரை மெல்ல இறக்கி வையுங்கள். அழுத்தக் கூடாது, நகர்த்தக் கூடாது. இன்டெல் சாக்கெட்டிலும் ஏஎம்5இலும் தலைமுடிபோல் மெல்லிய பின்கள் போர்டில் இருக்கின்றன. ஒரு விரல் பட்டால் வளைந்துவிடும். ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். பிறகு நெம்புகோலை இறக்கும்போதுதான் முதல் முறை செய்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். பின்கள் போர்டில் இருக்கும் எல்ஜிஏ வகை சாக்கெட்டில் அது எதிர்பாராத அளவு இறுக்கமாக இருக்கும். நொறுங்குவதுபோல ஒரு நறநறப்பும் கேட்கும். அது இயல்பானதுதான். பிராசசர் சரியாக உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டுத் தைரியமாக இறக்குங்கள். மேலே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து வந்துவிடும். அதை எறியாதீர்கள், போர்டை உத்தரவாதத்துக்கு அனுப்ப நேர்ந்தால் கேட்பார்கள்.

நான்கு ரேம் இடங்கள் இருந்து உங்களிடம் இரண்டு துண்டுகள் இருந்தால், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணும்போது வரும் இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலான போர்டுகளில் சரியான இடங்கள். கையேட்டில் ஏ2, பி2 என்று குறித்திருப்பார்கள். வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரு முனைகளிலும் கட்டைவிரல்களால் ஒரே சீராக அழுத்துங்கள். 'டக்' என்று தாழ் விழும் சத்தம் கேட்க வேண்டும். பாதி நுழைந்த ரேம்தான் "கணினி ஓடவில்லை" என்று வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்குக் காரணம் என்பது என் அனுபவம். எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாக நுழைத்து, மெல்லப் படிய வைத்து, கடுகளவே உள்ள திருகைக் கொண்டு பூட்ட வேண்டும்; அதன்மேல் வரும் உலோகத் தகட்டின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

கூலரின் அடியிலும் அதேபோல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டிவிட்டு, பிராசசர் ஏன் 95 டிகிரியைத் தொடுகிறது என்று ஒரு முழு மாலைநேரத்தைத் தொலைத்தவன் நான். பிராசசருடன் வரும் கூலரில், வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் பெரும்பாலும் முன்பே பூசப்பட்டிருக்கும். இல்லையென்றால் பட்டாணி அளவுக்கு நடுவில் வைத்தால் போதும், கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிக்கொள்ளும். நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக முழுக்க முறுக்காமல், எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்கிக்கொண்டே வாருங்கள். கூலர் மின்விசிறியின் வயரை 'சிபியு ஃபேன்' என்று எழுதியிருக்கும் இடத்தில் செருகுங்கள். நீர்க்குளிர்ப்பு முதல் கணினிக்கு வேண்டாம். பம்ப் என்று இன்னொரு பழுதாகும் உறுப்பை எதற்குச் சேர்க்க வேண்டும்?

இனி, பலரும் தாண்டிவிடும் ஒரு படியைச் சொல்கிறேன். போர்டைக் கேபினட்டுக்குள் வைக்கும் முன், அந்த அட்டைப்பெட்டியின் மேலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பவர் சப்ளையின் 24 பின் வயரையும் பிராசசருக்கான 8 பின் வயரையும் செருகி, மானிட்டரை போர்டிலேயே இணைத்து, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் போதும். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் செருகிக்கொள்ள வேண்டியிருக்கும். பயாஸ் திரை வந்துவிட்டால், இதற்குப் பிறகு வரும் சிக்கல் பெரும்பாலும் பொருத்துவதில் வந்த சிக்கல்தான், பாகத்தின் குறை அல்ல என்று கொள்ளலாம். டிடிஆர்5 போர்டுகளில் முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதறி மின்சாரத்தை நிறுத்தாமல், ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கேபினட்டில் போர்டைத் தாங்குவதற்குப் பித்தளை ஸ்டாண்டாஃப்கள் இருக்கும். போர்டில் துளை உள்ள இடங்களுக்கு நேரே மட்டும் அவை இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்; துளையில்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் அது போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். பின்பக்கத் தகடான ஐஓ ஷீல்டு தனியாக வந்திருந்தால் அதை முதலில் மாட்டுங்கள். எல்லாத் திருகுகளையும் முறுக்கி முடித்த பிறகு அது மேசைமேல் கிடப்பதைப் பார்க்கும் துக்கம், கணினி கட்டிய எல்லாருக்கும் ஒருமுறையாவது நேர்ந்திருக்கும்.

வயர்களில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பிராசசருக்கான 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒரேபோல் இருக்கும், ஆனால் உள்ளே பாதை வேறு. நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. எதையும் பலவந்தமாக அழுத்தாதீர்கள். இரண்டாவது, முகப்பில் உள்ள பவர் சுவிட்சு, ரீசெட், விளக்குகள் ஆகியவற்றின் மெல்லிய வயர்கள். சுவிட்சுகளுக்கு நேர், எதிர் கிடையாது. விளக்குகளுக்கு உண்டு, மாற்றிச் செருகினால் எரியாது, வேறு கெடுதல் இல்லை. முகப்பு யூஎஸ்பி 3க்கான 19 பின் தலைப்பை மட்டும் நேராகப் பிடித்துச் செருகுங்கள்; சாய்த்தால் பின் வளைந்துவிடும்.

கடைசியாக கிராபிக்ஸ் கார்டு, பிராசசருக்கு மிக அருகில் உள்ள நீண்ட இடத்தில். அந்த இடம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டியதை 6 பின் வயர் 75 வாட்டும் 8 பின் வயர் 150 வாட்டும் என்ற கணக்கில் கொடுக்கும். 2022 முதல் பெரிய கார்டுகளில் வரும் 16 பின் இணைப்பு 600 வாட் வரை கொண்டுபோகக் கூடியது என்பதால், அது சிறிதும் இடைவெளி தெரியாமல் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். அரைகுறையாகச் செருகப்பட்டு உருகிப்போன நிகழ்வுகள் உண்டு.

முதல் ஓட்டம்

ஓடவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பல போர்டுகளில் பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். ரேம் விளக்கு நின்றால், ஒரே ஒரு துண்டை ஏ2 இடத்தில் மட்டும் வைத்துப் பாருங்கள். எல்லா மின்விசிறிகளும் சுழன்றும் திரை மட்டும் கறுப்பாக இருந்தால், மானிட்டர் வயர் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டு இருக்கும் கணினியில் அது கார்டில்தான் இருக்க வேண்டும். இவையெல்லாம் பலிக்காதபோது, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

பயாஸுக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியது, ரேமின் வேகத்தை இயக்குவது. 6000 என்று பெட்டியில் அச்சிட்ட டிடிஆர்5 ரேமும் தானாக விட்டால் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் நீங்கள் கொடுத்த பணத்துக்கான வேகம் வரும். இதை அறியாமல் பல ஆண்டுகள் ஓட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். விண்டோஸ் 11 நிறுவ, பாதுகாப்புக் குறியீடுகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற உறுப்பு தேவை; அண்மைக்காலப் போர்டுகளில் அது பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, பயாஸில் இயங்குகிறதா என்று பார்த்தால் போதும். லினக்ஸ் நிறுவுகிறவர்களுக்கு இந்தக் கட்டாயமில்லை. இரண்டுக்குமே 8 ஜிபி யூஎஸ்பி டிரைவ் ஒன்றில் நிறுவல் கோப்பை ஏற்றிக்கொண்டால் சரி. நிறுவிய பிறகு மானிட்டரின் வேகத்தை அமைப்புகளில் கையால் உயர்த்துங்கள். 144 ஹெர்ட்ஸ் திரைகள் 60இலேயே ஓடிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். அன்றிரவு மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் முன் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு இன்னொரு முறை சோதித்தால், குறை ரேமிலா, வேகத்திலா என்பது தெரிந்துவிடும்.

மேம்படுத்தும் காலம்

ஓரிரு ஆண்டு கழித்து "கணினி மெதுவாகிவிட்டது" என்று தோன்றும். உடனே எதையும் வாங்காதீர்கள். எது மெதுவாக இருக்கிறது என்று அளந்து பாருங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு, எந்த வேலையில் தொல்லையோ அதே வேலையைச் செய்யுங்கள். விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு 95 விழுக்காட்டுக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தால், மாற்ற வேண்டியது கார்டு. கார்டு 60 விழுக்காட்டில் சும்மா இருக்க, படம் மட்டும் திக்கித் திக்கி வந்தால், பிராசசரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பிராசசரின் மொத்தப் பயன்பாடு 40 விழுக்காடு என்று காட்டினாலும், அதற்குள் தனித்தனியே உழைக்கும் கோர்களில் ஒன்றே ஒன்று முழுவதும் நிரம்பியிருக்கக் கூடும் என்பதால் கோர்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ரேம் விளிம்புவரை நிரம்பி, டிஸ்க் ஓயாமல் உழைத்தால் ரேம்தான் குறை.

இன்னும் ஹார்டு டிஸ்கிலிருந்து இயங்குதளத்தை ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். எஸ்எஸ்டி வாங்குங்கள், வேறெதுவும் அந்த வித்தியாசத்தைத் தராது. வயரால் இணையும் பழைய வகையான சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு ஏறக்குறைய 550 எம்பி படிக்கும். நான்காம் தலைமுறை என்விஎம்இ 7000 எம்பியைத் தொடும். ஆனால் அன்றாட வேலையில் இந்த இரண்டுக்கும் நடுவே உணரும் வேறுபாடு சிறிது; ஹார்டு டிஸ்கிலிருந்து இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு வருவதுதான் பெரிய தாவல். பழைய ஹார்டு டிஸ்க் காப்புநகல் வைக்க உதவும்.

ரேம் கூட்டும்போது, பழைய துண்டுகளுடன் வேறு நிறுவனத்தின் துண்டுகளைக் கலப்பது சில சமயம் ஓடும், சில சமயம் வாரம் ஒருமுறை காரணமில்லாமல் நின்றுபோகும். பழையதை விற்றுவிட்டுப் புதிய இரட்டையை வாங்குவது நிம்மதி. கிராபிக்ஸ் கார்டு மாற்றும்போது அதன் நீளம், பவர் சப்ளையின் அளவு, இணைப்பு வயர் மூன்றையும் பாருங்கள். வயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: வயர்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் பவர் சப்ளையை மாற்றும்போது, "வயர்தானே, அதே வயரே இருக்கட்டும்" என்று பழையதன் வயர்களைப் புதியதில் செருகவே கூடாது. பாகத்தின் பக்கம் உள்ள முனைக்குப் பொதுவான அளவுமுறை உண்டு. பவர் சப்ளை பக்கத்து முனையை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய்விடும். என் சோம்பலால் இரண்டு ஹார்டு டிஸ்குகளை ஒரே நொடியில் இழந்தேன். சத்தமே வரவில்லை, மெல்லிய கருகல் வாடை மட்டும் வந்தது.

பிராசசரை மாற்றுவதில் வரிசை முக்கியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். புதியதைப் போட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றால், பல போர்டுகள் அதை அடையாளம் காணாமல் ஓடவே மறுக்கும். பயாஸைத் தொடும் முன், விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். டிபிஎம் பிராசசருக்குள் இருப்பதால், மாற்றிய பிறகு டிஸ்க் அந்தக் குறியீட்டைக் கேட்கும். இல்லையென்றால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே திறக்காது. ஏஎம்4 போர்டு என்றால், கூலரைக் கழற்றும் முன் கணினியைச் சிறிது நேரம் கடுமையாக உழைக்கவிட்டுச் சூடேற்றுங்கள். பிறகு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கூலரை நேராகத் தூக்காமல் இடமும் வலமும் மெல்லத் திருகி விடுவியுங்கள். காய்ந்த பேஸ்ட், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே பிராசசரைப் பிடுங்கிக்கொண்டு கூலரோடு வரச் செய்துவிடும். அப்போது பின்கள் வளைந்துபோவதுண்டு.

போர்டையும் மாற்றும் நாள் வந்தால், அது மேம்படுத்தல் அல்ல, புதுக் கணினி. பெரும்பாலும் ரேமும் சேர்ந்து மாறும், விண்டோஸின் உரிமத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். அன்று கேபினட்டும் எஸ்எஸ்டியும் கார்டும் தொடரலாம். பவர் சப்ளையின் உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுவது என் வழக்கம். கழற்றிய போர்டும் பிராசசரும் ரேமும் நல்ல பவர் சப்ளை ஒன்றுடன் சேர்ந்தால் வீட்டில் இன்னொருவருக்கு ஒரு கணினி.

எந்த மாற்றமாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ரேமும் கார்டும் ஒரே நாளில் மாறி, மறுநாள் கணினி நின்றுபோனால், யாரைக் கேட்பது? என் கேபினட்டின் பக்கக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். தேதி, மாற்றிய பாகம், பயாஸ் பதிப்பு, தூசி தட்டிய நாள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒருமுறை பத்து நாளாகக் கணினி தானே மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. கார்டைச் சந்தேகித்தேன், பவர் சப்ளையைச் சந்தேகித்தேன். கதவைத் திறந்து தாளைப் பார்த்தபோது, சரியாகப் பதினொரு நாளுக்கு முன் 'தூசி தட்டியது, ரேமைக் கழற்றி மாட்டியது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், அன்று விழாத அந்த 'டக்' அப்போது விழுந்தது.